சிறு எஞ்சின்களின் ஒலிச்சொற்களைக் கொச்சையென ஒதுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் வெளியான ஒரு கடிதம், செய்திக் கட்டுரை ஒன்றில் புல்லட் வண்டியின் ஓசையை ‘டப்டப்’ என்றும் வயல்வெளி டீசல் எஞ்சினின் ஓசையை ‘டுக்டுக்’ என்றும் எழுதியிருந்ததைக் கண்டித்திருந்தது. இவை தமிழ் இலக்கண விதிக்குப் புறம்பானவை என்றும், இத்தகைய ‘கொச்சைச் சத்தங்களுக்கு’ அச்சில் இடம் தரக் கூடாது என்றும், ‘இயந்திர ஒலி’ என்று எழுதினாலே போதுமானது என்றும் அக்கடிதத்தை எழுதியவர் கேட்டுக்கொண்டிருந்தார். தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக், மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், தமிழ் இலக்கணத்தில் ஈடுபாடு உள்ளவன் என்ற முறையிலும் இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அவருடைய மொழிப்பற்றை மதிக்கிறேன். ஆனால் அவர் களையச் சொல்லும் சொற்கள் களையல்ல, பயிர் என்பதை உரிய காரணங்களோடு தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஓசை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கையால் ஸ்டார்ட் செய்பவர், டீகம்பிரஷன் லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலை மாட்டிச் சுற்றத் தொடங்குவார். சிலிண்டருக்குள் காற்று அழுந்தாமல் வால்வு வழியாக வெளியேறிவிடுவதால் அப்போது ‘புஸ்... புஸ்’ என்ற மூச்சு மட்டுமே கேட்கும். ஃபிளைவீல் வேகம் பிடித்தவுடன் லிவரை விடுவார். காற்று அழுந்திச் சூடேற, தெளிக்கப்பட்ட டீசல் பற்றிக்கொண்டு ‘டப்’ என்று முதல் வெடிப்பு நிகழும். சற்று இடைவெளி விட்டு இன்னொரு ‘டப்’. பிறகு ‘டப் டப் டப்’ என்று நெருங்கி வந்து, கவர்னர் என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேகத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்ததும் ஒரே சீராக ‘டபடப’ என்று ஓடத் தொடங்கும். பம்பு தண்ணீரை இழுக்கும்போது எஞ்சினின் மீது பாரம் ஏறுவதால் ஓசை கனத்து ‘டொப் டொப்’ என்று அடங்கும். நான்கு வயல் தள்ளி வரப்பில் மண்வெட்டியோடு நிற்கும் விவசாயி திரும்பிக்கூடப் பார்க்காமல் ‘தண்ணி எடுத்திருச்சுங்க’ என்று சொல்வதை எங்கள் பொள்ளாச்சிப் பகுதியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நீருக்குள் இருக்கும் குழாயின் அடிமுனை வால்வான ஃபுட்வால்வில் காற்று வாங்கிப் பம்பு வெறுமனே சுழன்றால் பாரம் குறைந்து ஓசை லேசாகிவிடும். அதே விவசாயி அடுத்த நொடியே கிணற்றடிக்கு ஓடுவார். இத்தனை செய்திகளையும் சுமந்து வந்த அந்த ஓசையை ‘இயந்திர ஒலி’ என்று எழுதினால், அந்த விவசாயிக்குக் கேட்ட எதுவும் வாசகருக்குக் கேட்காது.

எஞ்சினின் வேகத்துக்கும் நம் எழுத்துகளின் வகைக்கும் உள்ள பொருத்தம் எனக்குப் பணிக்காலம் முழுவதும் வியப்பளித்த ஒன்று. இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் வடிவமைத்து, பின்னர் ராஜ்கோட் போன்ற ஊர்களில் அதே மாதிரியில் செய்யப்பட்ட மெதுவேக டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்று சுழலும். அது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆகையால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும்; ஆகவே நொடிக்கு ஐந்து வெடிப்புகளுக்குச் சற்று மேல். பழைய புல்லட் நின்ற இடத்தில் ஓடும்போது நொடிக்கு ஏழெட்டு வெடிப்புகள் இருக்கும். மனிதச் செவி, நொடிக்கு ஏறத்தாழ 20 துடிப்புகள் வரை அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து உணரக் கூடியது. அதற்கு மேல் போனால் துடிப்புகள் ஒன்றோடொன்று இழைந்து ஒரே நாதமாகிவிடும். ஐம்பது சிசி மொபெட்டின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிப்பது. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் அது நொடிக்கு அறுபதுக்கும் மேற்பட்ட வெடிப்புகளைத் தருகிறது.

இனி மக்கள் வாய்ச்சொற்களைப் பாருங்கள். தனித்தனியாகக் கேட்கும் மெதுவேக எஞ்சினுக்கு ‘டப்டப்’, ‘டுக்டுக்’ என்று வல்லினத்தில் தொடங்கி வல்லினத்தில் அடைபடும் சொற்களையே சொல்கிறார்கள். மூச்சை அடைத்து வெடித்து விடுவது வல்லினத்தின் இயல்பு. எக்ஸாஸ்ட் வால்வு திறந்தவுடன் அடைபட்ட வாயு வெடித்து வெளியேறுவதும் அதே செயல்தான். வேகம் கூடிய மொபெட்டுக்கு ‘டுர்ர்’, ‘புர்ர்’ என்று ரகரத்தை நீட்டுகிறார்கள். தொடர்ந்து அதிரக் கூடிய இடையின எழுத்து அது. தென்னந்தோப்பில் புல் வெட்டும் பிரஷ் கட்டர் எஞ்சின் இன்னும் பன்மடங்கு வேகத்தில் சுழலும்போது ‘ங்ங்ஙொய்’ என்று மெல்லினத்துக்குப் போய்விடுகிறார்கள். மூக்கின் வழியே இடையறாது நீளும் ஒலி அது. வல்லினம், இடையினம், மெல்லினம் என்ற பாகுபாட்டைப் பள்ளியில் படித்தே இராத பவர் டில்லர் ஓட்டுநர்கூட இந்த வரிசையில் பிழை செய்வதில்லை. பிரஷ் கட்டரை ‘டப்டப்’ என்று சொல்பவரையோ, லிஸ்டர் எஞ்சினை ‘ஙொய்’ என்று சொல்பவரையோ நான் கண்டதில்லை. நொடிக்கு எத்தனை வெடிப்பு என்று கருவி வைத்து அளப்பதற்கு முன்பே நம் மக்களின் நாக்கு அதை அளந்து உரிய எழுத்தில் வைத்துவிட்டது. இதைக் கொச்சை என்று எப்படிச் சொல்வது?

பட்டறைகளில் இச்சொற்கள் வெறும் வருணனையாக இல்லாமல் நோயறியும் கருவியாகவே இருக்கின்றன. வண்டியைக் கொண்டுவருபவர் ‘சத்தம் வருது’ என்றால் மெக்கானிக் உடனே கேட்பது ‘எப்படி வருது?’ என்பதுதான். மேலிருந்து ‘டிக் டிக்’ என்றால் வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி கூடியிருக்கலாம். கீழிருந்து ‘டொக் டொக்’ என்று கனத்துக் கேட்டால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கக் கூடும். அதோடு ஓட்டினால் செலவு பன்மடங்காகும் என்பதால் வண்டியை அப்படியே நிறுத்தச் சொல்வார். குளிர்ந்திருக்கும்போது ‘கடகட’ என்று கேட்டுச் சூடேறியதும் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் ஆடுகிறது என்று பொருள். செயின் தளர்ந்தால் ‘சளக் சளக்’. சீராக வரவேண்டிய ‘டப்டப்’ நடுவே ஒன்று விழாமல் தவறினால் ‘மிஸ் அடிக்குது’ என்பார்கள். பிளக்கையோ கார்புரேட்டரையோ பார்க்க வேண்டும். டிக், டொக், கட, சளக் ஆகிய நான்கும் எழுத்தளவில் சிறு வேறுபாடுகள்தாம்; ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் சொன்னால் பிரிக்க வேண்டாத எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். என் மாணவர்கள் தேர்வில் இவற்றை எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு எப்போதும் தோன்றியதில்லை. ‘அசாதாரண ஒலி எழும்’ என்று பாடநூல் நடையில் எழுதிய மாணவனைவிட, ‘டொக் டொக் என்று கேட்கும்’ என்று எழுதியவனுக்கே எஞ்சின் நன்றாகத் தெரிந்திருந்தது.

இலக்கணம் பற்றி அக்கடிதத்தை எழுதியவர் எழுப்பியுள்ள தடை மேலோட்டமாகப் பார்த்தால் வலுவானதுதான். நன்னூலார் கூறும் மொழிமுதல் எழுத்துகளில் டகரம் இல்லை; தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடிவதும் இல்லை. ஆகவே ‘டப்’ என்பது தொடக்கத்திலும் முடிவிலும் விதிக்குப் புறம்பானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேசுகிற தமிழர் அந்த விதியைத் தம்மை அறியாமலே காத்து வருகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ‘டப்புடப்புன்னு ஓடுது’ என்று இறுதியில் உகரம் சேர்க்கிறார்கள். ‘டுபுடுபு’ என்று ஒவ்வோர் அடைப்பையும் உயிரால் திறந்துவிடுகிறார்கள். எஞ்சின் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உள்ள ‘படபட’, ‘தடதட’, ‘கடகட’, ‘சடசட’ ஆகியவை விதிக்கு முழுக்க உட்பட்டவை. சிறகுக்கும் தேருக்கும் மழைக்கும் வழங்கிய அச்சொற்களையே புது எஞ்சினுக்கும் தயங்காமல் எடுத்து வழங்கினார்கள். தொல்காப்பியர் உரிச்சொல்லுக்கு இலக்கணம் கூறத் தொடங்கும்போதே ‘இசையினும் குறிப்பினும் பண்பினும் தோன்றி’ என்கிறார். இசை என்றால் ஓசை. அவர் ‘என’ என்னும் இடைச்சொல்லின் பொருள்களைச் சொல்லும்போதும் இசையை அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். ‘படபடவென’ என்று இன்று நாம் எழுதுவதற்கு அடிப்படை அங்கேயே இருக்கிறது. ஓசையைப் போலச் செய்யும் சொல்லுக்கு இலக்கணத்தில் இருக்கை தந்த முதல் ஆசிரியரைவிட நாம் கண்டிப்பானவர்களாக இருக்க வேண்டிய தேவை என்ன?

இந்த இடத்தில் இன்னொரு நுட்பத்தையும் சொல்ல விரும்புகிறேன். ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்பது நூற்பா. இரட்டித்து வருவதைப் பிரித்தால் பொருள் தராது. ‘தடதட’ என்பதைப் பிரித்துத் ‘தட’ என்று மட்டும் சொன்னால் ஓடும் எஞ்சினின் ஓசை யாருக்கும் நினைவுக்கு வராது; ஆகவே அது இரட்டைக்கிளவி. ஆனால் ‘டப்’ தனியாகவும் நிற்கும். ‘டப்பென்று வெடித்தது’ என்று ஒரு வெடிப்பை மட்டும் சொல்லலாம். ஆகவே ‘டப்டப்’ என்பதை இரட்டைக்கிளவி என்பதைவிட, ஒலிக்குறிப்பு அடுக்கி வந்தது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. எஞ்சினிலும் நிலைமை இதுவேதான். மெதுவேகத்தில் ஒவ்வொரு வெடிப்பும் தனித்து எண்ணப்படக் கூடியது. வேகம் ஏறினால் பிரிக்க முடியாது. பிரிக்கக் கூடிய ஓசைக்குப் பிரிக்கக் கூடிய சொல்லும், பிரிக்க முடியாத ஓசைக்குப் பிரிக்க முடியாத சொல்லும் அமைந்திருப்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டினால் மாணவர்கள் அந்த நூற்பாவை எளிதில் மறக்க மாட்டார்கள்.

ஓசையிலிருந்தே பொருளுக்குப் பெயர் வைப்பதும் நமக்குப் புதிதன்று. காக்கையும் கூகையும் கூவும் குரலாலேயே பெயர் பெற்றவை. குழந்தையின் கையில் இருப்பது கிலுகிலுப்பை; விடியற்காலையில் குறி சொல்ல வருபவர் கையில் இருப்பது குடுகுடுப்பை, அவரே குடுகுடுப்பைக்காரர். எங்கள் பகுதியில் என் சிறு வயதில் பெரியவர்கள் புல்லட்டை ‘டப்டப்பு வண்டி’ என்றே சொல்வார்கள். கம்பெனிப் பெயர் தெரியாததனால் அப்படிச் சொல்லவில்லை, தொலைவிலேயே காதில் விழுந்துவிடும் அடையாளம் அதுதான் என்பதனால் சொன்னார்கள்.

பிற மொழியினரும் இதையே செய்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளை இந்தியில் ‘பட்பட்டியா’ என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட ஹார்லி டேவிட்சன் வண்டிகளின் பின்புறத்தில் இருக்கைப் பெட்டியை இணைத்து, டெல்லியில் கன்னாட் பிளேஸுக்கும் பழைய டெல்லிக்கும் இடையே ஆள் ஏற்றிச் சென்ற மூன்று சக்கர வண்டிகளுக்கும் ‘பட்பட்’ என்பதே பெயர். 1990களின் இறுதியில் மாசுக் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளால் அவை நிறுத்தப்பட்டன. ஆனால் அவற்றின் இடத்தில் ஓடிய வேன்களுக்கும் ‘பட்பட் சேவா’ என்ற பெயரே தங்கிவிட்டது, எஞ்சின் அந்த ஓசையை எழுப்பாதபோதும்கூட. வங்காளத்தின் நீர்வழிகளில் எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகு ‘பட்பட்டி’ என்பதற்கு மிக நெருங்கிய ஒலிப்பில் வழங்குகிறது. ஜப்பானில் பழைய எஞ்சின் படகு ‘பொன்பொன்’ படகு. போர்னியோவின் ஆறுகளில் ஓடும் படகுக்குக் ‘குளோத்தோக்’ என்று பெயர். நெதர்லாந்தில் மொபெட்டின் பெயருக்கு ‘முரலும் சைக்கிள்’ என்று பொருள். இத்தாலியில் 1946இல் வந்த ஸ்கூட்டருக்கு ‘வெஸ்பா’, அதாவது குளவி என்றும், அடுத்து வந்த மூன்று சக்கர வண்டிக்கு ‘ஆப்பே’, அதாவது தேனீ என்றும் பெயர் வைத்தார்கள். நம் ஊர் ஆட்டோவின் வம்சம் அந்த வண்டிகளிலிருந்துதான் வருகிறது.

இந்தி ‘பட்பட்’டும் தமிழ்ப் ‘படபட’வும் இவ்வளவு நெருங்கியிருப்பதற்குக் காரணம் உண்டு. திராவிட வேர்ச்சொல் அகராதியைப் பரோவுடன் சேர்ந்து உருவாக்கிய மொழியறிஞர் எமனோ, ஒலிக்குறிப்புச் சொற்கள் இந்திய நிலப்பரப்பின் மொழிகள் குடும்ப வேறுபாடின்றிப் பகிர்ந்துகொள்ளும் பொதுக்கூறு என்று 1969இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். உலகப் புகழ் பெற்ற அறிஞர் ஒருவர் அரிய செல்வமாகக் கருதி ஆராய்ந்த சொல்வகையை நாம் வெட்கத்தோடு மறைக்க வேண்டியதில்லை.

அதே வேளையில், ‘டுக்டுக்’ என்று ஆட்டோவைக் குறிக்கும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1957இல் ஜப்பானில் வெளிவந்த டைஹாட்சு மிட்ஜெட் போன்ற மூன்று சக்கர வண்டிகள் தாய்லாந்துக்குச் சென்றபோது, அவற்றின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஓசையை அந்நாட்டு மக்கள் தங்கள் காதில் விழுந்தபடி ‘துக்துக்’ என்றார்கள். அது அவர்கள் மண்ணில் இயல்பாகப் பிறந்த பெயர். சுற்றுலாப் பயணிகளின் வாய்வழியாக அது இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. நாம் ஆட்டோவை ‘ஆட்டோ’ என்றுதான் சொல்கிறோம். யாழ்ப்பாணத்திலும் ‘ஓட்டோ’ என்றுதான் சொல்கிறார்கள். நம் மக்கள் வாயில் இல்லாத சொல்லை வெளியூரார் வழக்கத்துக்காகச் செய்திகளில் புகுத்த வேண்டாம். தங்கள் கட்டுரையில் ‘டுக்டுக்’ என்று வந்தது டீசல் எஞ்சினின் ஓசைக்காக. அது நம் வயல்களில் நாமே கேட்டுச் சொன்ன சொல். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தங்கள் உதவி ஆசிரியர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் கொங்குப் பகுதிக்கு எஞ்சினோடு நூறாண்டுக்கும் மேற்பட்ட உறவு உண்டு. கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த ஜி. டி. நாயுடு, இளம் வயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோவையில் ஓட்டல் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பூட்டிய வரலாறு இங்குள்ள பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். 1920இல் அவர் ஓட்டிய பேருந்து பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையில்தான் சென்றது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரிலிருந்து வந்த புல்லட்டுகள் ஊர் ஊராகப் பரவின. 70 மில்லிமீட்டர் குறுக்களவும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட, கனத்த ஃபிளைவீல் சுழலும் அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் மெல்ல நிதானமாக ஓடக் கூடியது. பிஸ்டன் செல்ல வேண்டிய தூரம் அதிகம், ஃபிளைவீலின் கனம் அடுத்த வெடிப்பு வரை எஞ்சினை அணையாமல் காக்கும். ‘டப்டப்’ என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் முழு உருவம் தந்தது அந்த எஞ்சின்தான் என்பது என் கருத்து. பின்னர் 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்து ‘டுர்ர்’ என்பதைத் தெருத்தெருவாகக் கொண்டுசேர்த்தது. பால்கேனும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு அது மேடேறும்போது ‘டுர்ர்’ இளைத்து ‘டுர்... டுர்’ என்று தனித்தனியாகப் பிரியும். ஓட்டுபவர் இரண்டு கால்களாலும் பெடலை மிதித்து உதவுவார். பல தலைமுறை உழைப்பாளிகளின் நாளெல்லாம் இந்த ஓசைகளோடு கழிந்திருக்க, அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர்களை மட்டும் அச்சுக்கு ஆகாதவை என்று தள்ளுவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே கருதுகிறேன்.

இவ்வளவு சொல்வதனால் இரைச்சலை நான் பாராட்டுகிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். சைலன்சருக்குள் உள்ள தடுப்புத் தகடுகளும் குழாய்களும் வெளியேறும் வாயுவின் வேகத்தைப் படிப்படியாகத் தணித்து ஓசையை அடக்குகின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டு இளைஞர்கள் சிலர் மருத்துவமனை வாசலிலும் நள்ளிரவுத் தெருக்களிலும் ஓட்டுவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், ஒலி வரம்பை மீறும் வாகனத்தை ஓட்டுபவருக்கு முதல் முறையே 3 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. சைலன்சர் உள்ள வண்டி ‘டப்டப்’ என்று போகும். பிடுங்கிய வண்டி ‘டமார் டமார்’ என்று போகும். தெருவில் உறக்கம் கெட்டுப் புகார் சொல்லும் மூதாட்டிகூட இவ்விரண்டையும் குழப்புவதில்லை. செய்தியில் இரண்டையும் ‘இயந்திர ஒலி’ என்று ஒன்றாக்கிவிட்டால், முறையாக ஓட்டுபவருக்கும் முறைகெட்டு ஓட்டுபவருக்கும் உள்ள வேறுபாடே அழிந்துவிடுகிறது. துல்லியமான சொல் சட்டத்தைக் காப்பவர்களுக்கும் துணையாக நிற்கும்.

இச்சொற்களுக்காக நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இப்போது அவசரமான காரணமும் இருக்கிறது. 1990 வாக்கில் விவசாய மின்சாரம் கட்டணமில்லாததாக ஆனபின் எங்கள் பகுதிக் கிணறுகளில் டீசல் எஞ்சின்கள் குறைந்து மின்மோட்டார்கள் பெருகின. இன்று அவற்றில் பல நீர்மூழ்கி மோட்டார்களாகி நிலத்துக்கு மேல் ஓசையே இல்லை. வார்ப்பிரும்புப் புல்லட்டின் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல ஆயின. மொபெட்டுகள் நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டன. மின்சார ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் மாதந்தோறும் கூடிக்கொண்டே வருகின்றன. காற்றுக்கும் காதுக்கும் இது நன்மையே, நான் வரவேற்கிறேன். ஆனால் ஓசை மறைந்தபின் அதற்குரிய சொல்லை, அந்த ஓசையைக் கேட்டே இராத ஒருவர் எதனோடு பொருத்திப் பார்ப்பார்? இப்போதே என் பேரப்பிள்ளைகளுக்கு ‘டொப் டொப்’ என்றால் பாரம் ஏறிய எஞ்சின் என்பது தெரியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தபோது ஒலிக்குறிப்புச் சொற்களை ஒலிக்குறிப்பு என்றே அடையாளமிட்டுச் சேர்த்தது. ஆனால் அந்தக் காலத்தில் நம் வயல்களில் எஞ்சின்கள் பரவலாகவில்லை. அந்தப் பணியைத் தொடர வேண்டியவர்கள் இக்காலத்தவர்கள். ‘படபட’ என்பதற்குச் சிறகையும் இதயத்தையும் மட்டும் சொல்லி நிறுத்தாமல், எந்த எஞ்சின், எந்த வேகம், எந்த நிலை என்று பொருள் பிரித்துக் காட்டும் பதிவுகள் வேண்டும். அவற்றைச் சொல்லக் கூடிய பழைய மெக்கானிக்குகளும் எஞ்சின் ஓட்டிகளும் ஊர்தோறும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். களத்திலிருந்து எழுதும் தங்கள் செய்தியாளர்கள் கேட்ட ஓசையைக் கேட்டபடி எழுதினால் அதைத் திருத்தி ‘ஒலி’ என்று ஆக்கிவிடாதீர்கள். வேண்டுமானால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். அடுத்து, தங்கள் வார இணைப்பில் சிறிதளவு இடம் ஒதுக்கி, வாசகர்கள் தங்கள் வட்டாரத்தில் எஞ்சின் ஓசைக்கு வழங்கும் சொற்களை அனுப்பும்படி அறிவியுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் பயன் குறைவு. ஊர், எஞ்சினின் வகை, அது எந்த நிலையில் அந்த ஓசையை எழுப்பியது, யார் அப்படிச் சொல்வார்கள் என்பவற்றையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்துப் படகு எஞ்சினுக்கும் தஞ்சாவூர் அரவை மில்லுக்கும் நீலகிரித் தோட்டத்து ஸ்பிரேயருக்கும் அந்தந்த மக்கள் வைத்திருக்கும் சொற்களை ஒரே இடத்தில் பார்க்க எனக்கு மிகுந்த ஆவல். கைப்பேசியில் ஓசையையும் பதிவு செய்து அனுப்பக் கூடியவர்கள் அனுப்பினால், பிற்காலத்தில் அகராதி செய்பவர்களுக்குச் சொல்லும் ஓசையும் சேர்ந்து கிடைக்கும்.

நான் பயிற்றுநராக இருந்த காலத்தில் மாணவர்களும் சுற்றுவட்டாரப் பட்டறைக்காரர்களும் பழுதுகளைச் சொல்லப் பயன்படுத்திய ஒலிச்சொற்களை, எந்தப் பழுதுக்கு எந்தச் சொல் என்ற குறிப்போடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் படியைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பத் தயாராக உள்ளேன். தங்கள் மறுமொழியை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சிப் பயிற்றுநர் ஒருவர்,
பொள்ளாச்சி.